இன்னொருவரின் ஜலதோஷம்

"என் குரல் எங்க போச்சுன்னே தெரியல, டீச்சர்" என்றார் சபேசன்.

பாட்டு டீச்சர் மந்தாகினி ஹார்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இப்பப் பேசறது யார் குரல்?"

"பேசறது நான்தான். பாட ஆரம்பிச்சா நவீன் சாகர் வந்துடறாரு."

நவீன் சாகர் பழைய இந்திப் படங்களின் பின்னணிப் பாடகர். இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் மும்பை செம்பூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன் என்றால் ஆர்கெஸ்ட்ரா மேடையில் மனிதர் எழுந்து வந்துவிடுவார். வரவழைப்பது சபேசன். போஸ்டரில் நவீன் சாகரின் முகம்தான் இருக்கும். சபேசனின் பெயர் கீழே எங்கோ, பந்தல் காண்டிராக்டர் பெயருக்குப் பக்கத்தில்.

"கச்சேரி முடிஞ்சதும் வந்து கையைப் பிடிச்சுக்குவாங்க. 'அவரைப் பார்த்த மாதிரியே இருக்கு'ன்னு அழுவாங்க. உங்க பேர் என்னன்னு ஒருத்தர் கேட்டதில்ல."

"இப்ப என்ன வந்தது?"

"சினிமாவுல ஒரு பாட்டு வந்திருக்கு டீச்சர். இந்த வயசுல, முதல் பாட்டு. நாளைக்கு ரெக்கார்டிங். மியூசிக் டைரக்டர் சின்னப் பையன். 'நவீன் சாகர் வேண்டாம், உங்க குரல்ல பாடுங்க, இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்'னுட்டான்."

டீச்சரைவிட சபேசனுக்கு வயது அதிகம். அதற்காகவே இங்கே வர வெட்கப்பட்டு, இரண்டு முறை தெருமுனை வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார். இன்று திரும்பிப் போக நேரமில்லை.

"பாடுங்க" என்றார் டீச்சர்.

நவீன் சாகரின் பெயர்பெற்ற சோகப் பாட்டைப் பாடினார். இரண்டாம் சரணத்தில் ஓரிடத்தில் குரல் லேசாக உடைந்து, மூக்கு வழியாக ஏறியது. மேடையில் விசில் பறக்கும் இடம் அது.

"அங்க ஏன் உடைக்கறீங்க?"

"அதுதான் டீச்சர் அவரோட முத்திரை. அதைப் பிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

"இந்தப் பாட்டு ரெக்கார்டிங் அன்னிக்கு நான் பின்னால கோரஸ்ல நின்னேன். அவருக்கு ஜலதோஷம். இன்னொரு டேக் போகலாம்னு கெஞ்சினார். ஸ்டூடியோ நேரம் முடிஞ்சுபோச்சுன்னு விட்டுட்டாங்க."

சபேசனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலமாக இன்னொருவரின் ஜலதோஷத்துக்குக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்.

"வேற பாடுங்க."

வேறு படப்பாட்டைப் பாடினார். நவீன் சாகர் வந்தார். பக்திப் பாட்டைப் பாடினார். அங்கேயும் வந்தார். கடைசியில் தன் மகளைத் தூங்கவைக்கப் பாடிய தாலாட்டைப் பாடினார். மகள் இப்போது கனடாவில் இருக்கிறாள். அதையும் நவீன் சாகர்தான் பாடினார்.

சபேசனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அவளும் என் குரலைக் கேட்டதே இல்லையா, டீச்சர்?"

டீச்சர் ஹார்மோனியத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்து, சபேசனின் தோளோடு தோளாக நின்றார்.

"நான் முப்பது வருஷம் கோரஸ் பாடினவ. அங்க ஒரே சட்டம். நம்ம குரல் தனியாத் தெரிஞ்சா திட்டு விழும். நான் ஒரு ஹம்மிங் எடுக்கறேன். நீங்களும் சேர்ந்துக்குங்க. உங்க குரல் என் காதுல கேக்கவே கூடாது."

"கேக்கக் கூடாதா?"

"கூடாது. என் மூச்சை மட்டும் கவனிங்க."

டீச்சர் "ஆ..." என்று தொடங்கினார். வார்த்தை இல்லை. சபேசன் ஒரு ஸ்தாயி கீழே ஒட்டிக்கொண்டார். டீச்சர் மூச்சு எடுக்கும்போது தானும் எடுத்தார். யாரும் கைதட்டப்போவதில்லை என்பதால் எதையும் உடைக்கவில்லை, மூக்கில் ஏற்றவில்லை. தன்னை மறைப்பதிலேயே கவனமாக இருந்தார். கண்கள் மூடிக்கொண்டன.

நடுவழியில் டீச்சர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

சபேசன் அதைக் கவனிக்காமல் இன்னும் ஒரு சுற்றுப் போனார். பிறகுதான் அறையில் ஒரே ஒரு குரல் இருப்பது காதில் விழுந்தது. மெலிந்த குரல். அடியில் கொஞ்சம் கரகரப்பு. எதற்கோ பயந்ததுபோல மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

பதறிப்போய் நிறுத்தினார்.

"யார் டீச்சர் அது?"

"இங்க வேற யாரும் இல்லையே."

சபேசன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நல்லாவே இல்லையே, டீச்சர். இதுக்கு யார் கைதட்டுவாங்க?"

"தட்டமாட்டாங்க."

"நாளைக்கு இதை வச்சுக்கிட்டு நான் எப்படிப் பாடறது?"

டீச்சர் வாசல் கதவைத் திறந்துவிட்டார்.

"அதுகிட்டயே கேளுங்க. இத்தனை வருஷமா நீங்ககூட அதுகிட்ட ஒரு வார்த்தை பேசல."