வேப்பமரத்தடியில் நின்ற பைக்

நான் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். இந்தப் புதிரில் அவசரப்பட்டுப் பதில் சொன்னவர்கள் எல்லோரும் அசடு வழிந்திருக்கிறார்கள், என்னையும் சேர்த்து.

சூரங்காட்டில் ஒரே ஒரு பெட்ரோல் பங்க். அதன் நிலத்தடித் தொட்டி ஒழுகி, ஒன்பது கிணறுகளில் பெட்ரோல் வாடை ஏறிவிட்டது. கேட்கப் போனால், “வாடை உங்க மூக்குலதான்” என்றார் முதலாளி. அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. ஊர் கூடிக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தது: தொட்டியைத் தோண்டி எடுக்கும்வரை அந்த பங்க் பெட்ரோல் ஒரு சொட்டுக்கூட எங்கள் வண்டிகளில் ஏறாது. கற்பூரம் அடித்தவள் இசக்கியம்மாள். முதலில் கெட்டது அவள் வீட்டுக் கிணறு.

அடுத்த பங்க் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி, டவுனில். ஜனங்கள் முனகிக்கொண்டே அங்கே போய்ப் போட்டார்கள். உள்ளூர் பங்க்கில் பெட்ரோல் போடும் நயினாரிடம் மட்டும் யாரும் சத்தியம் கேட்கவில்லை. முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவன் ஆயிற்றே. அவன் தன் பைக்கை பங்க்குக்குள் விடாமல் ரோட்டோர வேப்பமரத்தடியில் நிறுத்துவான். வாரம் ஒருநாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் டவுன் பக்கம் வண்டியை விடுவான். அங்கே அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

நாற்பத்தோராம் நாள் எண்ணெய் நிறுவன அதிகாரிகள் வருவதாக இருந்தது. ‘ஊரே என்னிடம்தான் போடுகிறது, புகாரெல்லாம் பொறாமை’ என்று முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். பங்க் கேமராவில் ஒரே ஒரு உள்ளூர் வண்டி சிக்கினால் போதும், அவர் பேச்சு எடுபட்டுவிடும்.

நாற்பதாம் நாள் மதியம், விறகு பொறுக்கப் போன இசக்கியம்மாளை நல்ல பாம்பு கடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். அன்று சந்தை நாள். ஊரில் இருந்தது வீரபாகுவின் ஆட்டோ ஒன்றுதான். அவளை ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். ஆட்டோக்காரர்கள் பழக்கம் உங்களுக்குத் தெரியும். டேங்க்கை நிரப்ப மாட்டார்கள், சவாரி பார்த்துப் பார்த்து நூறு ரூபாய்க்குப் போடுவார்கள். பங்க் பக்கத்தில் இருந்தவரை அது சரி. பதினான்கு கிலோமீட்டர் போய்ப் போடும்போதும் வீரபாகு அதே நூறு ரூபாய்க்குத்தான் போட்டிருந்தான். பங்க் வாசலில் ஆட்டோ திணறி நின்றது.

அவன் இறங்கி வண்டியை உள்ளே தள்ளப் பார்த்தான். இசக்கியம்மாள் கையை நீட்டி வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏலே, உள்ள தள்ளாத. நாளைக்கு ஆபீசர் வாராவ.”

“யக்கா, ஒன் உசுரு போயிரும்க்கா!”

“போட்டும். நாப்பது நாளா சனம் பட்ட பாடு போவக் கூடாது.”

நயினார் பம்ப்பை விட்டுவிட்டு ஓடிவந்தான். பைக்கில் வைத்துக் கொண்டுபோகலாம் என்றால் அவளுக்கு அதற்குள் கழுத்தே நிற்கவில்லை.

“உள்ள போட்டா ரெண்டு நிமிசம். என் பைக்குல இருந்து பிடிச்சா ஏழு நிமிசம் ஆவும். நீயே சொல்லுக்கா.”

இமை தூக்க முடியாமல் அவள் வேப்பமரத்தைக் கை காட்டினாள்.

நயினார் பைக்கின் பெட்ரோல் டியூபைப் பிடுங்கி பாட்டிலில் விட்டான். பெட்ரோல் நூலாக இறங்கியது. பாட்டில் கால்வாசி நிரம்புவதற்குள் அவளுக்குப் பேச்சு குழறிவிட்டது. “அவ செத்தா நீதாம்ல காரணம்!” என்று வீரபாகு அழுதுகொண்டே மறுபடி வண்டியைத் தள்ளினான். கம்பியிலிருந்து அவள் கை வரவில்லை. முழுசாக ஏழு நிமிடம்.

அவள் பிழைத்துக்கொண்டாள். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், பிழைக்காமலும் போயிருக்கலாம். மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். ஒரு உள்ளூர் வண்டியைக்கூட முதலாளியால் காட்ட முடியவில்லை. பம்ப்பை விட்டு ஏழு நிமிடம் காணாமல்போன நயினாரைத்தான் கேமராவில் பார்த்தார். அன்றே அவனுக்கு வேலை போயிற்று.

சத்தியத்துக்காக உயிரை விடத் துணிந்த இசக்கியம்மாள், உயிருக்காகச் சத்தியத்தை விடத் துணிந்த வீரபாகு, அவளையே கேட்டு ஏழு நிமிடம் செலவழித்த நயினார். இவர்களில் யார் செய்தது சரி? அந்த பாட்டில் பெட்ரோலால் சத்தியம் முறிந்ததா, இல்லையா?

விடை: முறியவில்லை. டவுனில் நயினாருக்கு ஒருத்தியும் இல்லை. அங்கே இருந்தது பங்க். நாள் முழுக்க வெளியூர் வண்டிகளுக்கு ஊற்றியவன், தன் பைக்கில் அந்தப் பெட்ரோலை ஒரு சொட்டும் ஏற்றவில்லை. அவன் வீட்டுக்கும் அதே கிணற்றுத் தண்ணீர்தானே? யார் சரி என்றால், என் மனசு இன்னும் வீரபாகு பக்கம்தான் சாய்கிறது. அந்த இடத்தில் நானும் தள்ளியிருப்பேன். ஆனால் அவன் கொடுக்கத் துணிந்தது ஊருடைய நாற்பது நாளை. உயிர்களுக்காகத்தான் அந்தச் சத்தியம் என்பதை இசக்கியம்மாள் மறந்துவிட்டாள். நயினார் கொடுத்ததோ தன் பெட்ரோலை, தன் வேலையை. முடிவை உயிருக்கு உரியவளிடமே விட்டான். என் ஓட்டு அவனுக்கு. டவுன்காரியைப் பற்றி இப்போது ஊரில் யாரும் பேசுவதில்லை.