வீட்டுக் கேக்கும் பூவலிங்கத்தோட மீசையும்

கோணப்பனைன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல புத்தி இல்லாதவன்னு ஒருத்தன்கூட கெடையாது. பொறக்கும்போது குடுத்த புத்தி எல்லார்ட்டயும் ஒரு கீறல் விழாம அப்படியே புதுசா இருக்கும். செலவழிச்சாத்தானே தேயும்?

அந்த ஊர்ப் பூவலிங்கத்துக்கு ஒரு பொம்பளப்புள்ள, தர்ஷினி. புள்ளைக்கு மொதப் பொறந்தநாள் வந்துச்சு. பொண்டாட்டி முப்புடாதியோட அண்ணன் சுடலைமணி, "கேக்கு என் பொறுப்பு மாப்ள. பேக்கரியில அறுநூறு ரூவா. சாயங்காலம் வாங்கிட்டு வந்துருதேன்"ன்னான்.

பூவலிங்கத்துக்கு சுருக்குன்னுச்சு. கல்யாணத்தன்னைக்கே, "மாப்ளைக்கு மீசை மட்டும் நல்லா இருக்கு"ன்னு சொன்ன மச்சான் இவன். அந்த 'மட்டும்' இன்னும் உள்ள குத்திக்கிட்டே கெடந்துச்சு.

"கடையில வாங்குதவன் கிறுக்கன், மச்சான். வீட்ல செஞ்சா பாதி வெலதான். கடையவிட ஒத்த ரூவா கூட ஆனாலும் இந்த மீசைய எடுத்துருதேன்."

"அதையும் எடுத்துட்டா ஒம்மட்ட வேற என்ன மாப்ள இருக்கும்?"ன்னு சுடலைமணி ரொம்ப அக்கறையாக் கேட்டான். கேட்டுட்டு, தங்கச்சியையும் புள்ளையையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்.

பூவலிங்கம் தன் சேக்காளி ரெண்டு பேரக் கூட்டுனான். ஒருத்தன் மாசானம், யோசனைக்கு. இன்னொருத்தன் ஆவுடை, சந்தேகத்துக்கு. மூணு பேரும் நேரா அந்தப் பேக்கரிக்கே போயி, மொதலாளி ஞானமுத்து அண்ணாச்சிட்ட, "ஒம்ம கடையில வாங்காம இருக்கதுக்கு வழி சொல்லும்"ன்னு கேட்டாங்க. வேற ஆளா இருந்தா வெரட்டியிருப்பாரு. கோணப்பனை ஆளுகங்கதால அண்ணாச்சி பயப்படாம சொல்லிக் குடுத்தாரு.

"முட்டை, மைதா, சீனி, எண்ணெய். எல்லாத்தையும் ஒரே பக்கமா கலக்கணும், மாத்திச் சுத்தக் கூடாது. ஒரு குண்டாவுல மணலப் பரப்பி, மாவுப் பாத்திரத்த அதுமேல வச்சு மூடி, சிறுதீயில எரிய விடு. நடுவுல தெறந்து பாக்கக் கூடாது. கடைசியில ஒரு குச்சியக் குத்தி எடு. குச்சில மாவு ஒட்டலன்னா வெந்திருச்சுன்னு அர்த்தம்."

மொதல்ல மணலு. மணல் விக்கிறவன் அஞ்சு கிலோவெல்லாம் தர மாட்டேன்னுட்டான். மாசானம் சொன்னான், "மொத்தமா எடுத்தா மலிவு மக்கா." வீட்டு வாசல்ல ஒரு டிராக்டர் மணலக் கொட்டியாச்சு.

அடுத்தது முட்டை. கடைக்குக் கெளம்பும்போது ஆவுடைக்கு சந்தேகம் வந்துச்சு.

"ஏலே, முட்டையக் கடையில வாங்குனா அது வீட்டுக் கேக்கா, கடைக் கேக்கா?"

மூணு பேரும் வெயில்ல நின்னு யோசிச்சாங்க. அப்புறம் போயி ஒரு கோழிய வாங்கிட்டு வந்தாங்க. கோழி இவனுகளப் பாத்துச்சு, இவனுக கோழியப் பாத்தானுக. மத்தியானம் வரைக்கும் இப்படியே போச்சு.

"இது இன்னைக்குள்ள நாலு முட்டை போடாதுலே"ன்னான் பூவலிங்கம்.

"போட வேண்டாம். ஒக்காந்தாப் போதும்"ன்னான் மாசானம்.

கடையில நாலு முட்டை வாங்கி, கோழிக்கு அடியில வச்சு, ஒரு பீடி குடிக்கிற நேரம் பொறுத்து எடுத்தாங்க. வீட்டு முட்டை. சூடாக்கூட இருந்துச்சு.

கலக்குறதுலதான் பெரிய தகராறு. பூவலிங்கம் கரண்டிய வலது பக்கமா சுத்துனான். எதுக்க ஒக்காந்திருந்த ஆவுடை கத்துனான், "ஏய், இடது பக்கமால்லா சுத்துதே!"

"வலதுலே!"

"இங்க வந்து பாரும்வே!"

பூவலிங்கம் கரண்டிய மாசானத்துட்ட குடுத்துட்டு அந்தப் பக்கம் போயிப் பாத்தான். நெசந்தான், இடது பக்கமாத்தான் சுத்துது. திரும்பி வந்து பாத்தான், வலது. மீசை போற காரியமாச்சே! கடைசியில மூணு பேரும் ஒரே பக்கமா, ஒருத்தன் முதுகுக்குப் பின்னால ஒருத்தன் ரயிலு மாதிரி ஒக்காந்தாங்க. அதுக்கப்புறம் திசை மாறவே இல்ல. பின்னாடி இருந்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியல, அதனால சண்டையும் இல்ல.

மாவ அடுப்புல ஏத்தியாச்சு. தெறந்து பாக்கக் கூடாதுன்னு அண்ணாச்சி சொன்னத மூணு பேரும் மறக்கல. அதனால அடிக்கடி தெறந்தாங்க, ஆனா கண்ண இறுக்கி மூடிக்கிட்டுத் தெறந்தாங்க. ஒரு தடவ ஆவுடையோட பீடிக்கட்டு உள்ள விழுந்துச்சு. யாரும் பாக்கல.

குச்சியக் குத்துனா மாவு கொழகொழன்னு ஒட்டிக்கிட்டு வந்துச்சு.

"குச்சி சரியில்ல"ன்னான் மாசானம். வேற குச்சி எடுத்து, வெளக்கெண்ணெயில நல்லா ஊறவச்சு, உள்ள விட்டு எடுத்தான். குச்சி பளபளன்னு வந்துச்சு. "வெந்திருச்சு!"

தட்டுல கவுத்தாங்க. கேக்கு தட்டுல நிக்கல. எறங்கி, வாசலப் பாத்துப் பைய நடந்துச்சு. கோழி மட்டும் வந்து ஒரு கொத்து கொத்திப் பாத்துட்டு, கூரை மேல ஏறிக்கிச்சு.

அந்த நேரம் பாத்து முப்புடாதியும் சுடலைமணியும் புள்ளையோட வந்து நின்னாங்க. முப்புடாதி மணல் குவியலப் பாத்தா.

"என்ன இது? வீடு கட்டப் போறியளா?"

"இல்ல. கேக்கு."

சுடலைமணி கணக்குக் கேட்டான். மணலு, டிராக்டர் வாடகை, கோழி, வெளக்கெண்ணெய் எல்லாம் சேத்து நாலாயிரத்து முந்நூறு. கடையில அறுநூறு. சுடலைமணி சட்டைப் பையில இருந்து புது பிளேடு ஒண்ண எடுத்து நீட்டுனான். கோயிலுக்குப் போற வழியிலயே வாங்கி வச்சிருந்தான்.

பூவலிங்கத்துக் கை தானா மீசைக்குப் போச்சு. ஒரு தடவ கடைசியா முறுக்கிப் பாத்தான்.

"நில்லு மக்கா"ன்னான் மாசானம். "நாலாயிரத்து முந்நூறுங்கது என்ன பெரிய காசா? கடைக்காரன் அறுநூறுக்கு விக்கிறான் பாரு, அதனாலதான் நமக்கு நட்டம். தப்பு நம்ம மேல இல்ல."

எல்லாரும் யோசிச்சாங்க. சுடலைமணியும் யோசிச்சான். அவனும் அந்த ஊருதானே? "நியாயந்தான்"ன்னான்.

மொத்தப் பேரும் பேக்கரிக்குப் போனாங்க. பூவலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணாச்சி, ஒரு குடும்பத்தக் காப்பாத்தணும். கேக்கு வெலைய ஏத்துங்க."

வெலையக் கொறைக்கச் சொல்லி அழுத ஆளுக அண்ணாச்சி நெறையப் பாத்தவரு. இது புதுசு. "எம்புட்டு ஏத்தட்டும்?"

"ஒங்க மனசு போல."

அண்ணாச்சி பலகையில அறுநூற அழிச்சிட்டு அஞ்சாயிரம்னு எழுதுனாரு.

"எழுநூறு ரூவா மிச்சம்!"ன்னு மாசானம் குதிச்சான். சுடலைமணி பிளேடக் கீழ போட்டுட்டு, "மாப்ள, ஜெயிச்சிட்டீரு"ன்னு பூவலிங்கத்தக் கட்டிப் பிடிச்சான். கல்யாணமானதுலேருந்து இன்னைக்குத்தான் மச்சான் வாயில இருந்து ஒரு நல்ல வார்த்தை. பூவலிங்கத்துக்கு கண்ணு கலங்கிருச்சு.

முப்புடாதி கேட்டா, "எல்லாஞ் சரி. புள்ள எத வெட்டும்?"

"இது ஒரு பிரச்சனையா? அண்ணாச்சி, ஒரு கேக்கு குடுங்க"ன்னு பூவலிங்கம் சீட்டு கட்ட வேட்டி மடியில முடிஞ்சு வச்சிருந்த பணத்த அவுத்தான்.

அண்ணாச்சிக்கும் மனசாட்சி இருக்கே. பக்கத்துல குனிஞ்சு, "எப்பா, ஒனக்கு மட்டும் பழைய வெலதான். அறுநூறு குடு, போதும்"ன்னாரு.

பூவலிங்கம் பதறிப்போயி அவரு வாயப் பொத்துனான். "மெதுவாப் பேசும் அண்ணாச்சி! மச்சான் நிக்கான். நீரு வெலையக் கொறச்சா எம் மீசை என்னாவுறது?"

அஞ்சாயிரத்தையும் எண்ணி வச்சிட்டு, மீசைய முறுக்கிக்கிட்டே கேக்கோட வீட்டுக்கு நடந்தான்.