மூன்றாம் சரணத்தில் ஏறிய தோள்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் பாடும் செல்லத்தங்கம் சித்தி சொன்னது. அளவு ஜாக்கெட் கொடுக்கப் போனவர், தையற்கடைக்குள் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

பாக்கியநேசம் பாடினால் கல்லும் கரையும் என்பார்கள். நாற்பது வருடமாகப் பேர்பெற்ற பாடகி, மலேசியா வரை மேடை ஏறியவர். அவருக்கு முதன்முதலில் பாடச் சொல்லிக்கொடுத்தவர் குழுத் தலைவி, தையற்கடை ஞானதீபம் அக்கா.

ஆலயத்தில் எல்லாருக்கும் விருந்து போடும் அசனப் பண்டிகையன்று பாக்கியநேசம் சொந்த ஊரில் பாடினார். சனம் அழுதது. மறுநாள் காலையில் தையற்கடை வாசலில் வந்து நின்றார். படி ஏறவில்லை.

"உள்ள வாட்டி. நீ வாசல்ல நின்னா ஊர் கூடிரும்."

"அக்கா, நேத்து நான் பாடலை."

அக்கா ஜாக்கெட்டின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். ஊசி நிற்கவில்லை.

"தொண்டை போய் எட்டு மாசமாச்சு. இருபத்திரண்டு வயசுல பாடின பதிவைப் போட்டுட்டு வாயை மட்டும் அசைச்சேன். வேற ஊர்லயும் செஞ்சிருக்கேன். அங்கெல்லாம் இப்படிக் கூசலை."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மூணாவது சரணத்துல உன் தோள் ஏறுச்சு. நீ மூச்சு வாங்கினே. பாட்டு நிக்கலை. பதிவுல இருக்கிற அந்தச் சின்னவ ஒரே மூச்சுல பாடிட்டுப் போயிட்டா."

"வேற யாரு பாத்தாங்க?"

"பல்லவி வாங்கிப் பாட உன் பின்னாலதானே நின்னோம். பதினோரு பேரும் பாத்தோம்."

பாக்கியநேசம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பாத்துட்டுமா கை தட்டுனீங்க?"

"அந்தச் சின்னவ நல்லாத்தானே பாடினா?"

"இனி எந்த முகத்தோட உங்க முன்னால நிப்பேன்? அந்தச் சரணம் எனக்கு இனி வராது. நாலு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு இழுக்குது. நான் வேற என்னக்கா செஞ்சிருக்கணும்?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"முதல் நாள் உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன்?"

"நீட்டிப் பாடுற இடத்துல எல்லாரும் ஒண்ணா மூச்சு வாங்கக் கூடாது. ஒருத்தி விட்டா பக்கத்துல நிக்கிறவ பிடிச்சுக்கிடணும்."

"நேத்து தோள் ஏறினப்போ, ஒருதரம் பின்னால திரும்பிப் பாத்தியாட்டி?"

பாக்கியநேசம் படி ஏறி உள்ளே வந்தார்.

சித்தி எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அதனால் குழுவின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பதினோரு பேருக்கும் கீழே பன்னிரண்டாவதாகப் பாக்கியநேசத்தின் கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார்: "தொண்டைக் கட்டு. வந்திருக்கிறேன்."