கேமராவின் மேல் ஒரு கட்டைவிரல்

"டீச்சர், என் பிள்ளைங்க ஒரு கேள்விகூடக் கேக்க மாட்டேங்கறாங்க."

கொல்லிமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி, மூன்றாவது பஸ்ஸில் நின்றபடியே தூத்துக்குடி வந்து சேர்ந்த தணிகைவேல் வாத்தியார், வணக்கம் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார்.

ஜெசிந்தா டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனால் பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைத்துக்கொண்டே போன் வீடியோவில் ஊர் ஊராகக் கூட்டிப்போகிற வித்தையில் இந்த டீச்சரை மிஞ்ச ஆளில்லை என்று வாத்தியார்கள் குரூப்பில் பேச்சு.

"என்னவெல்லாம் காட்டுனீங்க சார்?"

"அணையைக் காட்டினேன். மியூசியம் காட்டினேன். ரயில் பெட்டி செய்யற இடத்தையும் காட்டினேன். ஒவ்வொண்ணுக்கும் பேர் எழுதி, அம்புக்குறி போட்டு, ஆன்லைன் போர்டுல ஒட்டி வச்சேனுங்க. ஒரு சந்தேகமும் வந்துரக் கூடாதுன்னு பாத்துப் பாத்துச் செஞ்சேன்."

"வந்துச்சா?"

"வரலையே!"

ஜெசிந்தா டீச்சர் தலை குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று வாத்தியாருக்குத் தெரியவில்லை.

சிரிக்கிற நிலையில் வாத்தியார் இல்லை. இன்று தலைமையாசிரியையே வகுப்பில் வந்து உட்காரப்போகிறார். இன்றும் பிள்ளைகள் ஊமையாக இருந்தால், வாரம் ஒருமுறை இப்படி ஊர் காட்டுகிற அந்த ஒரு மணி நேரம் அடுத்த வாரத்திலிருந்து கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். இருபத்தெட்டுப் பிள்ளைகளில் கடலைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

"இன்னிக்குக் கடல்ங்க டீச்சர். நானே நேர்ல நின்னு காட்டினாலாவது வாயைத் திறக்கறாங்களான்னு பாக்கணும்."

"காட்டுங்க சார். நானும் பாக்கேன்."

கடற்கரையில் நின்று வாத்தியார் போனைத் தூக்கிப் பிடித்தார். மலைமேல் வகுப்புத் திரையில் கடல் வந்தது.

"இது அலை. இது படகு. இது நங்கூரம், படகு நகராம இருக்கப் போடறது. இது வலை. இது சங்கு. தண்ணி உப்பா இருக்கும், ஏன்னா..."

நாற்பது நிமிடம். மூச்சு வாங்கியது. ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"ஏதாவது கேள்வி இருக்குதா கண்ணுங்களா?"

ஜெசிந்தா டீச்சர் தன் போனில், பிள்ளைகள் பதில் எழுதுகிற அந்த ஆன்லைன் போர்டைத் திறந்து நீட்டினார். வகுப்பில் நாலு பேருக்கு ஒன்றாக ஏழு டேப்லெட். ஏழிலிருந்தும் ஒரே வரி: நன்றி சார்.

"பாத்தீங்களா?" என்றார் வாத்தியார்.

ஜெசிந்தா டீச்சர் தன் போனை அவர் கையில் கொடுத்து, அவர் போனை வாங்கிக்கொண்டார். கேமராவின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"டீச்சர்! விரல்! மறைக்குதுங்க!"

அவர் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. விரலை எடுக்காமல், கடலுக்கு முதுகு காட்டிக் கரையைவிட்டு நடந்தார். வாத்தியார் பின்னாலேயே ஓடினார்.

"சார், இருட்டாயிருச்சுங்க சார்!" என்று கத்தியது வகுப்பு.

வாத்தியார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஜெசிந்தா டீச்சர் இன்னொரு கையின் விரலைத் தன் உதட்டின் மேல் வைத்துக் காட்டினார்.

மலைமேல் கூச்சல் அடங்கியது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

சரக்... சரக்... சரக்...

"சார், யாரு எதைச் சொரண்டறாங்க?"

ஜெசிந்தா டீச்சர் வரப்பில் ஏறினார். காலடியில் ஏதோ நொறுங்கியது.

"கண்ணாடிமேல நடக்கறீங்களா சார்?"

வாத்தியாரின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. போர்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

அது மண்ணா?

சொரண்டறவங்க ஏன் பேச மாட்டேங்கறாங்க?

கடல் சத்தம் எங்க போச்சு?

அங்க வெயிலா, நிழலா?

கால் சுடாதா?

அவர் தலையைத் தூக்கினார். உப்பளம். பாத்தி பாத்தியாக வெள்ளை. தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார். ரப்பர் செருப்புப் போட்டிருந்தார். அந்தச் செருப்பையும் தாண்டிக் கால் சுடுமா? வாத்தியாருக்குத் தெரியாது. இதுவரை தோன்றியதும் இல்லை.

போர்டு நிரம்பிக்கொண்டே போனது. எண்ணுவதை விட்டுவிட்டார்.

அப்போது மலையிலிருந்து பெரியவர் குரல் ஒன்று கேட்டது. தலைமையாசிரியை.

"சார்... அது ஆள் வேலை செய்யற சத்தமா, மிஷினா? எனக்கே ஒண்ணும் புரியலையே?"

ஜெசிந்தா டீச்சர் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார்.

"காட்டிருவமா சார்?"

கேமராவிலிருந்து விரலை எடுக்கப் போனார்.

வாத்தியார் பாய்ந்து போய்த் தன் கட்டைவிரலை அங்கே வைத்தார்.