கோட்டுக்கு வெளியே ஒரு பயிற்சியாளர்

தணிகைவேல் ஒரு முறை கோப்பை வென்ற கால்பந்துப் பயிற்சியாளர். அடுத்த வருடமே அவருடைய அணி பட்டியலின் கடைசிக்குப் போனது. நிர்வாகம் அவரை அனுப்பிவிட்டது.

ஐம்பத்து மூன்று வயதில் அவர் தூத்துக்குடிக்கு வந்து ஜெசிந்தா பர்னாந்து முன் நின்றார். ஜெசிந்தா அவரைவிட ஒன்பது வயது இளையவர், கொற்கை எஃப்.சி.யின் தலைமைப் பயிற்சியாளர். பன்னிரண்டு வருடமாக அந்த அணி லீக்கில் முதல் மூன்று இடங்களை விட்டு இறங்கியதில்லை.

“ஒரு வருஷம் ஜெயிக்கத் தெரிஞ்சுது மேடம். அதைக் காப்பாத்தத் தெரியல. உங்ககிட்ட கத்துக்க வந்திருக்கேன்.”

“நல்ல நேரத்துல வந்தீங்க சார். ஞாயித்துக்கிழமை கடைசி மேட்ச். தோத்தா நாலாவது இடம்தான். என்கூட உட்கார்ந்து பாருங்க.”

“பெஞ்சுலயா?”

“கேலரில. போன மேட்ச்ல ரெஃப்ரிகூட சண்டை போட்டுட்டேன். தப்பு என்மேலதான். ஒரு மேட்ச் தடை. ஆட்டம் முடியிற வரைக்கும் டீம்ல யார்கிட்டயும் பேசக் கூடாது.”

“அப்போ டீமுக்கு யார் சொல்லிக் குடுப்பாங்க?” என்றார் தணிகைவேல். ஜெசிந்தா சிரித்தார்.

ஞாயிறு மாலை. இருபதாவது நிமிடத்தில் எதிரணி கோல் அடித்தது. இடைவேளைக்குப் பின் கொற்கையின் கேப்டன் இன்னாசி கணுக்கால் பிசகி விழுந்தான். ஸ்ட்ரெச்சர் வந்தது. அரங்கம் அடங்கிப்போனது.

தணிகைவேல் எழுந்து நின்றுவிட்டார்.

“இடது பக்கம் திறந்து கிடக்கு மேடம்! அவங்க எல்லாப் பந்தையும் அந்த வழியாத்தான் கொண்டு வர்றாங்க. யாராவது சொல்லணுமே!”

“உட்காருங்க சார். பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது.”

கீழே, கோல்கீப்பர் ஷபீர் கைதட்டிப் பின்வரிசை ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டான். நால்வரும் தலைகளைச் சேர்த்துப் பேசினார்கள். ஒருவன் கோட்டருகே ஓடினான். உதவிப் பயிற்சியாளர் மரியநேசன் அவன் சொன்னதைக் கேட்டு, ஸ்ட்ரெச்சரில் கிடந்த இன்னாசியிடமும் ஏதோ கேட்டார். இன்னாசி வலியில் பல்லைக் கடித்தபடி, இரண்டாம் எண் சட்டைக்காரனை இறக்கச் சொல்லி இரண்டு விரல் காட்டினான்.

நடு ஆட்டக்காரனான இன்னாசிக்குப் பதிலாக அந்தத் தடுப்பாட்டக்காரன் இறங்கி இடது பக்கத்தை அடைத்தான். அதுவரை அங்கே திணறிக்கொண்டிருந்தவன் முன்னால் போனான்.

“அட!” என்றார் தணிகைவேல். “நானா இருந்தா இதைச் செஞ்சிருக்க மாட்டேன்.”

“நானும்தான்,” என்றார் ஜெசிந்தா.

எண்பத்தோராவது நிமிடத்தில், முன்னால் போனவன் தூக்கிக் கொடுத்த பந்து கொற்கை ஆட்டக்காரன் ஒருவன் தலையில் பட்டு வலைக்குள் விழுந்தது. ஆட்டம் சமனில் முடிந்தது. மூன்றாம் இடம் நிலைத்தது.

கூட்டம் கலைந்த பிறகும் தணிகைவேல் எழவில்லை.

“கேப்டன் விழுந்தா என்ன செய்யணும்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தீங்களா?”

“இல்ல சார்.”

“அப்புறம் எப்படி?”

“செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு நான் போறதில்ல.”

“புரியல.”

“பதினோரு வருஷமா அப்படித்தான். அன்னிக்கு அவங்களே திட்டம் போடணும், அவங்களே ஆடிப் பாக்கணும். முதல் மாசம் அடிதடி. ஒருத்தனுக்குப் பல்லு போச்சு. புதன்கிழமை போய், யார் அடிச்சதுன்னு நான் கேக்கல. என்ன முடிவு பண்ணீங்கன்னு மட்டும் கேட்டேன். ஒண்ணும் பண்ணலன்னாங்க. சரி, அடுத்த செவ்வாய் பாருங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“அன்னிக்கு இருந்தவங்க இப்ப யாரு இருக்காங்க?”

“ஒருத்தர்கூட இல்ல. சிலரை வேற டீம்காரங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க, சிலர் வயசாகிப் போயிட்டாங்க. போறவங்க வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போறாங்க.”

தணிகைவேல் காலி மைதானத்தைப் பார்த்தார். 

“என் டீம்ல நான் சொல்லாம ஒரு பாஸ்கூட போகாது மேடம். அதைப் பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்.”

ஜெசிந்தா கிளம்ப எழுந்தார். தணிகைவேலும் கூடவே எழுந்து கேட்டார்.

“அடுத்த வருஷம் பட்டத்துக்கு என்ன பண்ணப் போறீங்க?”

“புதன்கிழமையும் போகப் போறதில்ல.”