விட்டுப்போன நாள்

நீலியேரியை மலைகள் மூன்று பக்கமும் சூழ்ந்து நின்றன. விடியலில் அங்கே ஏரி தெரியாது, பனிதான் தெரியும். கரையோரத்து மருதமரங்கள் வேரில்லாமல் மிதப்பது போல நிற்கும். அந்தப் பனிக்குள்ளிருந்து தினமும் ஒரு காலடிச் சத்தம் வரும். நெருங்கும், கடந்து போகும், கரைந்துவிடும். வலை இழுப்பவர்கள் தலை நிமிராமலே, "தாண்டவம் போறாரு" என்பார்கள். அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு விடிந்த மாதிரி இருக்கும்.

தாண்டவம் கீழ்க்கரை மடத்தில் இருந்தார். மனைவி இறந்த பிறகு அங்கே வந்து சேர்ந்தவர். அதற்கு முன்னால் அவர் எதையும் முடித்தது கிடையாது. தறி போட்டார், பாதியில் விட்டார். கிணறு தோண்டினார், தண்ணீர் வருவதற்குள் அலுத்துப்போனார். "உங்களுக்கு ஆரம்பிக்க மட்டும்தான் தெரியும்" என்று மனைவி சிரித்துக்கொண்டே சொல்வாள். அவள் போன பிறகு அந்தச் சிரிப்பு அவரைத் தூங்கவிடவில்லை.

மடத்தின் குரு உமையாள். தாண்டவத்தைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். ஆனாலும் தாண்டவம் அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

வந்த அன்று, "எனக்கு ஒரு மந்திரம் சொல்லுங்கம்மா" என்று கேட்டார்.

"உங்களுக்கு எது பிடிக்கும்?"

"சின்ன வயசுல ஓடப் பிடிக்கும்."

"அப்ப ஓடுங்க. ஏரியைச் சுத்தி ஓடிட்டு வாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"பிடிக்கிற வரைக்கும்."

அவர் ஓட ஆரம்பித்தார். முதலில் மூச்சு வாங்கியது. பிறகு கால் பழகியது. ஒரு மழைக்காலம் முழுக்க விடாமல் ஓடியபோது, நான் ஒன்றை விடாமல் செய்கிறேன் என்ற நினைப்பு முதன்முதலாக அவருக்குள் வந்தது. வந்தது போகவில்லை. நகம் பெயர்ந்தாலும் ஓடினார். திருவிழா அன்று ஓடினார். வருஷங்கள் போயின. தலை நரைத்தது. சுற்றுப்பட்டு ஊர்களில் அவரைக் காட்டித்தான் பிள்ளைகளைத் திட்டினார்கள்.

மகள் பவளத்தின் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. மாப்பிள்ளை ஊர் வடக்குக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது. போனால் ஏரி விட்டுப்போகும். மஞ்சள் தடவிய அரிசியை முடிந்து யாரிடமோ கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு பவளத்திடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அவருக்கு ஒரு நாள் மட்டும் மறக்கவே மறக்காது. பெருமழை வருஷத்தில் ஒரு விடியல். அதைப் பற்றி யார் கேட்டாலும் குரல் தாழ்ந்துவிடும்.

"அன்னைக்குக் கால் தரையில படல. பனி தண்ணி மாதிரி இருந்துச்சு, தண்ணி பனி மாதிரி இருந்துச்சு. கரை முடிஞ்சு போச்சு, நான் நிக்கல. ஏரி மேலயே ஓடுறேன். கீழ மீனெல்லாம் என்கூடவே வருது. என் பொண்டாட்டி மறுகரையில நின்னு ஈரத்தலையை உதறிக்கிட்டிருக்கா. ஓடுறது நான்தானா, ஏரிதானான்னு தெரியல. அந்த ஒரு நாளுக்காகத்தான் மத்த நாளெல்லாம் ஓடுறேன்."

கேட்பவர்கள் இன்னும் நெருங்கி உட்காருவார்கள். மடத்துச் சமையல்காரர் சடையப்பர் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஒரு முற்பகலில் உப்பு வண்டிக்காரர் ஒருவர் மடத்து வாசலில் மாட்டை நிறுத்தினார்.

"தாண்டவங்கிறது யாரு?"

"நான்தான்."

"உங்க மக சொல்லியனுப்பிச்சுது. நிறைமாசம். உடம்பு நல்லா இல்ல, கால் முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு. 'அப்பாவைப் பாக்கணும்'னு சொல்லுது. இன்னைக்கு மத்தியானம் திரும்புறேன். வண்டியிலயே வந்துருங்க."

கணவாய் தாண்டிப் போகவே ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். அவர் கண் ஏரியின் பக்கம் போனது.

"குழந்தை பிறக்கட்டும். மழை முடிஞ்சதும் வர்றேன்னு சொல்லுங்க."

"பெரியவரே, நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. இங்க எனக்கு ஒண்ணு இருக்கு. அதை விட முடியாது."

அடுப்படியிலிருந்து சடையப்பர் கரண்டியோடு வெளியே வந்தார்.

"எதை விட முடியாது?"

"உனக்குத் தெரியாததா? இத்தனை வருஷம் ஒரு நாள் விட்டதில்ல."

"விட்டிருக்கே."

"என்னைக்கு?"

"பெருமழை வருஷம். ஊருக்கெல்லாம் சொல்றியே, தண்ணி மேல ஓடினேன்னு. அன்னைக்கு நீ பாயில கிடந்தேய்யா! காய்ச்சல்ல ரெண்டு விடியல் கண்ணே திறக்கல. நான்தான் பக்கத்துல உக்காந்து வாயில தண்ணி விட்டேன். எந்தப் பானை உடையக்கூடாதுன்னு பெத்த பொண்ணை வேண்டாங்கிறியோ, அது எப்பவோ உடைஞ்சு போச்சு."

சொல்லி முடித்ததும் சடையப்பரின் முகம் வெளிறியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

தாண்டவம் படித்துறைக்குப் போனார். உமையாள் துணி அலசிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியும் தண்ணீருக்கு மேலே பனி ஒரு விரல் உயரத்துக்கு நின்றது.

"அம்மா, சடையப்பன் சொல்றது நிஜமா?"

உமையாள் திரும்பவில்லை. எதைப் பற்றி என்றும் கேட்கவில்லை.

"நிஜம்."

"ஏன் சொல்லல?"

"கண்ணைத் திறந்ததும் 'விடிஞ்சுருச்சா'ன்னு கேட்டீங்க. 'விடிஞ்சுருச்சு'ன்னு சொன்னேன். எந்த விடியல்னு நீங்க கேக்கல. நானும் சொல்லல."

"அது பொய்தானே?"

"பொய்தான்."

தாண்டவத்துக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு நிற்க இடம் கிடைக்கவில்லை. அவர் மெல்லக் கேட்டார்.

"அப்ப அந்த ஓட்டம்? அந்த மீனு, அந்தத் தண்ணி? அவ நின்னாளே?"

"போர்வைக்குள்ள உங்க கால் ஆடிக்கிட்டே இருந்துச்சு. சடையப்பர் பிடிச்சுப் பாத்தாரு. நிக்கல. பிறகு விட்டுட்டாரு. உங்க முகம் சிரிச்சுக்கிட்டிருந்தது."

"அன்னைக்கு நான் ஓடினேனா, ஓடலையா? சொல்லுங்கம்மா."

"ஓட்டத்தைக் கேக்கிறீங்களா, கணக்கைக் கேக்கிறீங்களா?"

தாண்டவம் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

உமையாள் ஒரு வேட்டியைப் பிழிந்து உதறினார். "வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டாரு. கிளம்புற நேரம்" என்றார்.

வண்டி கணவாயில் ஏறியபோது பின்னால் ஏரி ஒரு வெள்ளிக் காசு போலச் சிறுத்தது. உப்பு மூட்டைகளுக்கு நடுவில் தாண்டவம் படுத்திருந்தார். மேகம் வண்டிக்குள்ளேயே புகுந்து போனது. தூக்கமா விழிப்பா என்று தெரியவில்லை. எங்கோ ஒரு விடியலில் கண் திறந்தபோது கால்கள் தாமாகவே நீண்டன. மாட்டின் கழுத்து மணி ஆடிக்கொண்டிருந்தது. கால்களைத் திரும்ப மடக்கிக்கொண்டார். நெஞ்சில் ஏதோ கழன்று விழுந்தது மாதிரி இருந்தது. விழுந்த சத்தம் மட்டும் கேட்கவில்லை.

பவளம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலடி கேட்டுத் திரும்பினாள். வீங்கிய முகத்தில் கண்கள் மட்டும் சின்ன வயதில் இருந்தது போலவே இருந்தன.

"இன்னைக்கு ஓடலையா?"

"இல்லம்மா."

"நேத்து?"

"நேத்து ஓடிட்டுத்தான் வண்டி ஏறினேன்."

"நாளைக்கு?"

"இங்கதான் இருப்பேன்."

அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. திரும்பாமலே, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலமே வலி கண்டது. மருத்துவச்சி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பிள்ளை திரும்பாமல் நின்றது. மாப்பிள்ளை முற்றத்துக்கும் தெருவுக்குமாக அலைந்தான். தாண்டவம் கதவருகே தரையில் உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து பவளத்தின் குரல் வந்தது.

"அப்பா இருக்காரா?"

"இருக்கேன்மா."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னார். கத்துவாள், ஓய்வாள், கேட்பாள். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைதான். சொல்லச் சொல்ல அவர் தொண்டை கட்டியது. கட்டிய தொண்டையோடு சொன்னார். விளக்கு மங்கியது. கூரை ஓட்டின் இடுக்கில் சாம்பல் நிறத்தில் வெளிச்சம் வந்தது. அந்த நேரத்துக்குத்தான் அவர் எழுந்து பழக்கம். உடம்பு தானாக எழுந்துவிட்டது. கால் வாசல் பக்கம் ஓர் அடி வைத்தும்விட்டது.

"அப்பா?"

குரல் இந்த முறை மிகவும் மெலிந்திருந்தது. கேள்வியின் மிச்சம் வரவில்லை.

அவர் திரும்பி வந்து கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டார். "இருக்கேன், பவளம். இங்கதான் இருக்கேன். இருக்கேன்." அவள் கேட்காதபோதும் சொல்லிக்கொண்டே இருந்தார். வெயில் முற்றத்தில் இறங்கி, அவர் முதுகில் ஏறியது. அப்போது உள்ளே ஒரு சின்னக் குரல் வீறிட்டது.

பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். மருத்துவச்சி வெளியே வந்து, "நீங்க பேசிக்கிட்டே இருந்ததுதான் அவளைப் பிடிச்சு வச்சுது" என்றாள். தாண்டவத்துக்குக் குரல் போய்விட்டிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டார்.

பவளத்தின் முகம் வீக்கம் வடிந்து பழையபடி ஆகும்வரை அங்கேயே இருந்தார். குழந்தைக்குத் தொட்டில் ஆட்டினார். வெந்நீர் வைத்தார். ஒரு நாளும் ஓடவில்லை. கிளம்பும்போது பவளம் குழந்தையை அவர் கையில் கொடுத்து, "அடுத்த தடவை கூப்பிட்டாத்தான் வருவியா?" என்றாள். அவர் தலையை இல்லை என்று ஆட்டினார்.

மடத்துக்குத் திரும்பியதும் சடையப்பர் இலை போட்டார். எழுந்திருக்கும்போது தாண்டவம் சடையப்பரின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிடித்த கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

மறுநாள் விடிந்தது. தாண்டவம் விழித்துக் கிடந்தார். வெளியே பனி கதவை முட்டிக்கொண்டு நின்றது. எழவில்லை. அதற்கடுத்த நாளும் எழவில்லை. கால்கள் அவருடையவை இல்லாதது போலப் பாயில் கிடந்தன. வலைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல."

"சத்தம் கேக்காம எங்களுக்குப் பொழுதே விடிய மாட்டேங்குது."

அவர் சிரித்து அனுப்பினார்.

கடைசியில் ஒரு மாலையில் உமையாளிடம் போனார். உமையாள் படித்துறையில் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தார். தாண்டவம் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார். எதிர்க்கரை மெல்ல மெல்ல மறைந்துகொண்டிருந்தது.

"அம்மா, எனக்கு ஓடணும்னு இருக்கு. ஆனா எழுந்திருக்க முடியல."

"கால் வலியா?"

"இல்ல. முன்னாடியெல்லாம் நான் ஓடின அத்தனை நாளும் பின்னால நின்னு என்னைத் தள்ளும். இப்போ திரும்பிப் பார்த்தா யாருமே இல்ல."

உமையாள் தண்ணீரில் காலை அசைத்தார். வட்டங்கள் விரிந்து பனிக்குள் போயின.

"காய்ச்சல் விட்ட அன்னைக்கு நீங்க சுவரைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தீங்க. கால் வைக்கோல் மாதிரி மடங்குச்சு. அப்படியே ஓடப் போனீங்க. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப நீங்க சொல்லியிருந்தா நான் போயிருக்கமாட்டேன்."

"தெரியும். அந்தப் பயத்துலதான் சொல்லல."

"இப்போ எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

"ஆமா."

"இனி ஓடினா அது என்ன ஓட்டம்மா? பழசோட சேராது. புதுசுன்னு சொல்லவும் வயசு இல்ல. நாளைக்கு ஓடி, நாளன்னைக்கு விட்டாலும் விட்டுருவேன்."

"விடலாம்."

"நாளைக்கே எழுந்திருக்காம போனாலும் போகலாம்."

"போகலாம்."

"அப்படி இருந்தும், ஒருவேளை ஓடினேன்னா?"

உமையாள் முதன்முறையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஓடினா, கணக்கு தள்ளாம நீங்களா ஓடி நான் பாக்கிற முதல் ஓட்டம் அதுதான்."