ஒரு விரற்கடை

“இறக்குங்க” என்றாள் எஸ்தர்.

ஜாக்கிக் கம்பியைப் பிடித்தபடியே டாக்டர் நல்லசிவம் நிமிர்ந்தார். காரின் முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் இருந்தன. இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வண்டி உட்கார்ந்திருந்தது.

“எதுல தப்பு?”

“இறக்குங்க டாக்டர்.”

“எட்டு ஞாயித்துக்கிழமைங்க மேடம். ஏத்துறேன், இறக்குறேன். ஏத்துறேன், இறக்குறேன். கோயில் தேருகூட வருசத்துக்கு ஒருதரம் நகருது. நான் இன்னும் அடியில போகல.”

“அடியில போயி என்னத்தப் பாக்கப் போறீங்க?”

“என் வண்டிய.”

அதில் பெருமை இருந்தது. இருக்காதா பின்னே? கோயமுத்தூரில் முப்பது வருடமாக எலும்பு பொருத்துகிறவர். எத்தனையோ இடுப்பு, எத்தனையோ முழங்கால். ஐம்பத்தெட்டாவது வயதில் வாங்கிய சிவப்பு வண்டி. இரண்டே பேர் உட்காரலாம். தரைக்கும் அதற்கும் நடுவே நாலு விரல்தான் இடைவெளி. இதன் ஆயிலை நானே மாற்றுவேன், வேறொரு கை படாது என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

சொல்லிக்கொடுக்க எஸ்தரைத் தேடிப் பிடித்தார். பந்தயக் கார்களுக்கு மெக்கானிக். அவரைவிட இருபத்து நாலு வயது இளையவள். முதல் நாள் அவளை “ஏம்மா” என்றுதான் கூப்பிட்டார்.

அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்.

“நான் சரின்னு சொல்ற வரைக்கும் அடியில போகக் கூடாது. போனீங்க, அப்புறம் நான் வரமாட்டேன்.”

அன்றைக்கு ஜாக்கி உள்ளேயே நுழையவில்லை. வண்டி அவ்வளவு தாழ்வு. தரையைக் குடைந்துவிடலாமா என்று யோசித்தார். எஸ்தர் முன்சக்கரங்களுக்கு எதிரே இரண்டு பலகைகளைப் போட்டு, வண்டியை அதன்மேல் ஏற்றி நிறுத்தச் சொன்னாள். இரண்டு அங்குலம் உயர்ந்தது. ஜாக்கி போனது.

“இவ்வளவுதானா?”

“இது வாசப்படி.”

ஸ்டாண்டை எங்கே வைப்பது என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் குனிந்து, கார் ஷெட்டின் பளபளப்பான டைல்ஸை விரல் முட்டியால் தட்டினாள். ஓரிடத்தில் கெட்டிச் சத்தம். பக்கத்திலேயே காலி டப்பாவின் சத்தம்.

நெஞ்சுக்கூட்டைத் தட்டிப் பார்க்கப் படித்தவர்தானே. புரிந்துவிட்டது. டைல்ஸ் முழுவதையும் பெயர்த்துக் கான்கிரீட் போட்டார். அது இறுகும்வரை காத்திருந்தார். காத்திருந்த வாரங்களை எஸ்தர் கணக்கில் சேர்க்கவில்லை. டைல்ஸைப் பெயர்த்த நாளிலிருந்து அவள் “மேடம்” ஆனாள்.

அப்புறம் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஹேண்ட்பிரேக். பின்சக்கரங்கள் உருளாமல் இருக்க முட்டுக்கட்டை. அடித்தகடு நசுங்காமல் இருக்க ஜாக்கியின் தலையில் ரப்பர் கட்டை. ஏற்றுவார். ஸ்டாண்டுகளை வைப்பார். வண்டியை மெல்ல அவற்றின் மேல் உட்கார வைப்பார்.

“சரியா இருக்கா?” என்பார்.

“இறக்குங்க” என்பாள்.

எட்டாம் ஞாயிறும் இறக்கினார்.

அடுத்த ஞாயிறு எஸ்தர் வரும்போதே வண்டி மேலே இருந்தது. பிள்ளை முதல் ரேங்க் வாங்கிய அப்பனைப் போல, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார் டாக்டர்.

“சரியா இருக்கா?”

எஸ்தர் வண்டியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். தரையில் பாயை விரித்து மல்லாந்து படுத்தாள். அவசரம் இல்லாமல் வண்டிப் பக்கமாக நகர்ந்தாள்.

“என்ன பண்றீங்க?”

“ஆயில் மாத்தறேன்.”

“நீங்க இன்னும் பார்க்கவே இல்லையே!”

“ஏத்துனது யாரு?”

“நான்தான்.”

“அப்புறம் என்ன?”

அவள் தலைக்கும் வண்டியின் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

இடப்பக்க ஸ்டாண்டு. அதன் தலை, பொருந்த வேண்டிய இடத்திலிருந்து ஒரு விரற்கடை விலகியிருந்தது. அவர் அதை இப்போது கண்டுபிடிக்கவில்லை. ஏற்றும்போதே பார்த்திருந்தார். போதும் என்று விட்டிருந்தார்.

“நில்லுங்க!”

ஆபரேஷன் தியேட்டரில்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை.

“என்ன டாக்டர்?”

“லெஃப்ட் ஸ்டாண்டு. ஒரு விரல் தள்ளியிருக்கு.”

“விழுந்துருமா?”

“விழாது.” ஸ்டாண்டை மறுபடி பார்த்துவிட்டு, “தெரியல” என்றார்.

“நீங்க போறதா இருந்தா?”

“போயிருப்பேன்.”

எஸ்தர் எழுந்து உட்கார்ந்தாள். இறக்குங்க என்று சொல்லவில்லை.

அவராகவே ஜாக்கியை உருட்டிக்கொண்டு போனார். ஏற்றினார். ஸ்டாண்டை எடுத்தார், வைத்தார். வெளியே மண்டியிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து பார்த்தார். மறுபடி எடுத்தார், வைத்தார். வண்டியை உட்கார வைத்தார். ஜாக்கியை எடுத்துவிடாமல் துணைக்கு அங்கேயே விட்டார். பிறகு இந்தப் பக்கம் தோள் கொடுத்துத் தள்ளினார். அந்தப் பக்கம் போய்த் தள்ளினார். பலம் கொண்ட மட்டும் இன்னொரு தரம் தள்ளினார்.

வண்டி அசையவில்லை.

அவர் திரும்பி வந்தபோது பேன்ட் முட்டி இரண்டிலும் சிமென்ட் தூசி. மூச்சு வாங்கியது. கழுத்து நிமிர்ந்திருந்தது.

“போங்க மேடம்” என்றார்.

எஸ்தர் மல்லாந்தாள். தலை உள்ளே போனது. தோள் போனது. முழங்கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அடியிலிருந்து ஒரு கை நீண்டது.

“பதினேழு.”

டாக்டர் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, துணியால் துடைத்து, பிடிக்கும் பக்கமாக அந்த உள்ளங்கையில் வைத்தார்.